விதையும் மூச்சு விடும்



சென்ற இதழில் இலைகள் வெயிலைக் கொண்டு எப்படி உணவு தயாரிக்கின்றன என்று பார்த்தோம். அதைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டியபோது ஒரு உறுப்பினர் கேட்டார்: "மேடம், இலை சமைக்குதுன்னு சொல்றீங்க, சரி. அந்தச் சாப்பாட்டைச் செடி எப்பச் சாப்பிடுது? வாயும் இல்ல, வயிறும் இல்லையே?"

இந்த மாதப் பாடம் அந்தக் கேள்விக்கான பதில்தான். படிக்கத் தெரிந்தவர்கள் சத்தமாக வாசியுங்கள். மற்றவர்கள் கேட்டு, நடுவில் நிறுத்திப் பேசுங்கள். இதில் விதைக் கடன் வாங்கும் குழுக்களுக்குப் பண நஷ்டம் வராமல் தடுக்கும் விஷயமும் உண்டு. தானியக் குழி உள்ள வீடுகளுக்கு உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் உண்டு.

வரவும் செலவும்

நாம் சாப்பிடும் சோறு வயிற்றில் கரைந்து சர்க்கரையாக மாறி இரத்தத்தில் சேருகிறது. மூச்சில் இழுக்கும் பிராணவாயுவும், அதாவது ஆக்ஸிஜனும், அதே இரத்தத்தில் சேருகிறது. உடம்புக்குள் இரண்டும் சந்திக்கும்போது சர்க்கரை மெதுவாக எரிந்து சக்தி கிடைக்கிறது. அந்தச் சக்தியில்தான் நாற்று நடுகிறோம், தண்ணீர் சுமக்கிறோம், தூங்கும்போதும் இதயம் துடிக்கிறது. எரிந்த பிறகு மிஞ்சும் கரியமில வாயுவை மூச்சில் வெளியே விடுகிறோம்.

செடி செய்வதும் இதேதான். இலை தயாரித்த சர்க்கரை தண்டு வழியாக வேர், மொட்டு, காய் என்று எல்லா இடத்துக்கும் போகிறது. அங்கே பிராணவாயுவோடு சேர்ந்து எரிந்து சக்தி தருகிறது. புது இலை விடுவதற்கும், வேர் மண்ணைத் துளைத்துப் போவதற்கும், உரச்சத்தை உள்ளே இழுப்பதற்கும் இந்தச் சக்திதான் வேண்டும். இதற்குத்தான் சுவாசித்தல் என்று பெயர். செடிக்கு நுரையீரல் கிடையாது. இலையில் உள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள், தண்டின் பட்டையில் உள்ள சின்னப் புள்ளிகள், வேரின் மெல்லிய தோல் இவை வழியாகக் காற்று தானாகவே உள்ளே போய் வெளியே வருகிறது.

நம் குழுக் கணக்கு மாதிரி நினைத்துப் பாருங்கள். இலை உணவு தயாரிப்பது வரவு. சுவாசிப்பது செலவு. வரவு வெயில் இருக்கும்போது பச்சை இலையில் மட்டும்தான் நடக்கும். செலவு அப்படி இல்லை. பகல், இரவு, மழை, மூட்டம் எதுவும் பார்க்காமல், இலை, வேர், பூ, காய், விதை எல்லாவற்றிலும் 24 மணி நேரமும் நடந்துகொண்டே இருக்கும். ஒரு பயிர் சம்பாதிப்பதில் ஏறக்குறைய பாதியை அதன் சொந்த மூச்சுக்கே செலவழித்துவிடும். மிச்சம் பிடிப்பதுதான் தண்டாகவும் தானியமாகவும் நம் கைக்கு வருகிறது.

நம் கணக்குப் பேரேட்டில் இரண்டு பக்கமும் ஒட்டினால்தானே தணிக்கையாளர் கையெழுத்துப் போடுவார்? இந்தக் கணக்கும் ஒட்டும். குளுக்கோஸ் என்கிற எளிய சர்க்கரை 180 கிராம், ஆக்ஸிஜன் 192 கிராம், ஆக மொத்தம் 372 கிராம் உள்ளே போகிறது. கரியமில வாயு 264 கிராம், தண்ணீர் 108 கிராம், ஆக அதே 372 கிராம் வெளியே வருகிறது. எடையில் ஒரு கிராம்கூடக் காணாமல் போகவில்லை. சர்க்கரைக்குள் அடைந்து கிடந்த வெயிலின் சக்தி மட்டும் அவிழ்ந்து வெளியே வருகிறது. மூச்சு விட்டால் தண்ணீரும் வரும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விதை மூட்டைக்கு வரும்போது இது தேவைப்படும்.

அடுப்பில் விறகு எரிவது மாதிரி இது ஒரேயடியாக எரிவதில்லை. அப்படி எரிந்தால் செடி கருகிவிடும். பெட்டிக்கடையில் 500 ரூபாய் நோட்டை நீட்டி ஒரு தீப்பெட்டி கேட்டால் கடைக்காரர் என்ன சொல்வார்? "சில்லறை கொண்டாங்க" என்பார். சர்க்கரையும் பெரிய நோட்டு மாதிரிதான். உடம்பின் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய அறைகள் இருக்கின்றன. சர்க்கரையைப் படிப்படியாக உடைத்து, ஏடிபி என்ற சில்லறையாக மாற்றித் தருவதுதான் அவற்றின் வேலை. ஒரு துளி குளுக்கோஸ் மூலக்கூறுக்குச் சுமார் 30 சில்லறை கிடைக்கும். காற்று கிடைக்காமல் போனால் செடி வேறு வழியில் சர்க்கரையை உடைக்கும். அப்போது கிடைப்பது வெறும் 2 சில்லறை. அதோடு சாராயச் சத்தும் உண்டாகும். ஊறவைத்த பயறு காற்றில்லாமல் கிடந்தால் ஒரு புளித்த வாடை அடிக்கிறதே, அது இதனால்தான்.

கூட்டத்தில் செய்து பார்க்க

சொன்னால் நம்பாதவர்கள் இருப்பார்கள். "செடி மூச்சு விடுறதை யாரு பார்த்தா?" என்பார்கள். பார்க்கலாம். செலவு பத்து ரூபாய்கூட ஆகாது.

வெற்றிலைச் சுண்ணாம்பைக் கொஞ்சம் எடுத்து ஒரு பாட்டில் தண்ணீரில் கரைத்து, ஒரு இரவு தெளிய வையுங்கள். மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் அசையாமல் வடித்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளரில் கொஞ்சம் ஊற்றி, குளிர்பானம் உறிஞ்சும் குழாயை விட்டு உள்ளே ஊதுங்கள். சற்று நேரத்தில் தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும். நம் மூச்சில் உள்ள கரியமில வாயு செய்யும் வேலை அது. ஊதத்தான் வேண்டும், உறிஞ்சிவிடக் கூடாது. பிள்ளைகள் கண்ணில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, மூடி இறுக்கமாக உள்ள இரண்டு ஊறுகாய் பாட்டில்கள். ஒன்றில் முளைகட்டிய பச்சைப்பயறு இரண்டு கைப்பிடி. இன்னொன்றில் அதே அளவு காய்ந்த பயறு. இரண்டிலும் சின்ன மூடியில் தெளிந்த சுண்ணாம்பு நீரை ஊற்றிப் பயறு மேல் வைத்து, பாட்டிலை மூடி, மறுநாள் காலை பாருங்கள். முளைப்பயறு பாட்டிலில் சுண்ணாம்பு நீர் வெளுத்துத் திட்டாக இருக்கும். காய்ந்த பயறு பாட்டிலில் லேசாக ஏடு படியலாம், அவ்வளவுதான். முளைப்பயறு பாட்டிலை மெதுவாகத் திறந்து, எரிகிற தீக்குச்சியை உள்ளே விட்டால் பொசுக்கென்று அணைந்துவிடும். உள்ளே இருந்த பிராணவாயுவைப் பயறு தின்றுவிட்டது.

முளைகட்டத் துணியில் கட்டி வைத்த கொள்ளு மூட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்குமே, அதுவும் இந்த மூச்சின் சூடுதான். நாற்றங்காலுக்கு விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து, சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூடி மூட்டம் வைக்கிறோம். கை வைத்தால் கொதிக்கும். நம் பாட்டிமார் நடுநடுவே தண்ணீர் தெளித்துப் புரட்டிப் போட்டது சும்மா இல்லை. சூட்டை ஆற்றி, உள்ளே இருக்கும் விதைக்கும் காற்று கிடைக்கச் செய்தார்கள்.

தாமரைப் பூவில் இன்னொரு அதிசயம் உண்டு. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத் தாவரவியல் பூங்காவில் அளந்து பார்த்து, 1996-ல் வெளியிட்டார்கள். சுற்றிலும் காற்று 10 டிகிரி வரை குளிர்ந்தபோதும், மலர்ந்த தாமரை வேகமாகச் சுவாசித்துத் தன்னை 30 முதல் 36 டிகிரி வரை சூடாக வைத்துக்கொண்டது. சேனைக்கிழங்குப் பூவும் இப்படிச் சூடேறித்தான் அந்த நாற்றத்தைப் பரப்பி வண்டுகளைக் கூப்பிடுகிறது.

புளியமரத்துப் பேய்

ராத்திரி புளியமரத்தடியில் படுத்தால் பேய் அமுக்கும் என்று சொல்வார்கள். படித்தவர்கள் சிலர், "பேய் இல்ல, மரம் ராத்திரியில கரியமில வாயு விடுது, அதான் மூச்சு முட்டுது" என்று விளக்கம் சொல்வார்கள். இரண்டுமே சரியில்லை. இரவில் மரம் கரியமில வாயு விடுவது உண்மை. 1779-லேயே யான் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர் இங்கிலாந்தில் ஒரு கோடைகாலம் முழுக்க 500-க்கும் மேற்பட்ட சோதனைகள் செய்து, பச்சை இலை வெயிலில் மட்டும்தான் காற்றைச் சுத்தப்படுத்துகிறது, இருட்டில் செடியும் நம்மைப் போலக் காற்றைக் கெடுக்கிறது என்று எழுதி வைத்தார். ஆனால் திறந்தவெளியில் அந்த வாயு காற்றோடு கலந்து போய்விடும். ஒரு ஆள் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு கிலோ கரியமில வாயுவை மூச்சில் விடுகிறார். பக்கத்தில் படுத்திருக்கும் வீட்டுக்காரரைப் பார்த்துப் பயப்படாதவர்கள் மரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. பாம்பு, தேளுக்கு வேண்டுமானால் பயப்படலாம்.

அரசமரம் ராத்திரியிலும் பிராணவாயு தரும் என்பதும் சரியில்லை. எந்தச் செடியும் இருட்டில் பிராணவாயுவை உண்டாக்காது.

இரவுச் செலவு பயிரைப் பாதிக்கும் விதம் வேறு. வெப்பம் கூடினால் மூச்சின் வேகமும் கூடும். 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். பகலிலாவது வரவு இருக்கிறது. இரவில் வெறும் செலவுதான். பிலிப்பைன்ஸ் நாட்டில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில், வறண்ட பருவ நெல்லில் இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடியபோது மகசூல் சுமார் 10 சதவீதம் குறைந்தது என்று 2004-ல் ஒரு ஆய்வு வெளியானது. பயிர் இரவில் கூடுதலாகச் செலவழிப்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். "முன்ன மாதிரி ராத்திரி குளிர்ச்சி இல்ல" என்று நாம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது, வயலில் நிற்கும் பயிருக்கும் பொருந்தும்.

தண்ணீரில் நின்றும் வாடுவது ஏன்?

மழை விட்டு இரண்டு நாள் ஆகியும் மிளகாய்த் தோட்டத்தில் தண்ணீர் வடியவில்லை. காலடியில் அவ்வளவு தண்ணீர் நின்றும் செடி தலை தொங்கி வாடுகிறது. பார்த்திருப்பீர்கள். வேருக்கு மூச்சு முட்டுவதுதான் காரணம். மண்துகள்களுக்கு நடுவே உள்ள சந்துகளில் இருக்கும் காற்றை வேர் சுவாசிக்கிறது. அந்தச் சந்துகளில் தண்ணீர் நிறைந்துவிட்டால் பிராணவாயு வேருக்குப் போய்ச்சேர முடியாது. காற்றில் அது நகரும் வேகத்தைவிட, தண்ணீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் நகரும். மூச்சில்லாத வேருக்குச் சக்தியில்லை. சக்தியில்லாத வேர் தண்ணீரையும் உரத்தையும் சரியாக உறிஞ்சாது. அந்த நேரத்தில் வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் கட்டினால் செடி போய்விடும். முதலில் வடிகால் வெட்ட வேண்டும். பார் அணைத்து நடுவதும், களைக்கொத்தால் மண்ணைக் கொத்திவிடுவதும் வேருக்கு மூச்சு விட இடம் தருவதுதான். பழைய பக்கெட்டில் கத்தரிச்செடி வளர்ப்பவர்கள் அடியில் ஓட்டை போட மறக்காதீர்கள்.

"அப்ப நெல்லு மட்டும் தண்ணியில நிக்குதே?" என்று கேட்பீர்கள். நெல் ஒரு கெட்டிக்காரி. அதன் தண்டிலும் வேரிலும் உள்ளுக்குள் காற்றுக் குழாய்கள் ஓடுகின்றன. இலையில் இறங்கும் காற்று அதன் வழியாக வேர் வரை போகும். தாமரைத் தண்டை ஒடித்தால் தெரியும் ஓட்டைகளும் அதற்குத்தான். முத்துப்பேட்டை, பிச்சாவரம் பக்கம் போனவர்கள் அலையாத்தி மரங்களைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் மாதிரி குச்சிகள் மேல்நோக்கி நிற்பதைப் பார்த்திருப்பார்கள். அவையும் வேர்கள்தான். மூச்சு விடுவதற்காகவே சேற்றுக்கு மேலே தலையை நீட்டுகின்றன.

விதை மூட்டைக்குள் என்ன நடக்கிறது?

இப்போது நம் கைப்பணம் சம்பந்தப்பட்ட இடத்துக்கு வருவோம்.

காய்ந்த விதை செத்த பொருள் இல்லை. உள்ளே ஒரு சின்னக் குழந்தைச் செடி தூங்குகிறது. பக்கத்திலேயே அதற்குக் கட்டுச்சோறு இருக்கிறது, மாவுச்சத்தாகவும் எண்ணெயாகவும் பருப்பாகவும். தூங்கும்போதும் அது மிக மெதுவாக மூச்சு விட்டு, அந்தக் கட்டுச்சோற்றைத் துளித்துளியாகச் செலவழிக்கிறது. நன்றாகக் காய்ந்த விதையில் இந்தச் செலவு மிக மிகக் குறைவு. ஈரம் இருந்தால் விதை அரைத்தூக்கத்தில் விழித்துக்கொள்ளும், மூச்சு வேகமாகும். முளைக்கிற அளவுக்கு ஈரம் இல்லை, தூங்கும் அளவுக்குக் காய்ச்சலும் இல்லை. இருக்கிற சோற்றைத் தின்று தீர்க்கும்.

அங்கேயே நிற்காது. ஒரு கிலோ மாவுச்சத்து இப்படி எரிந்தால் அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் உண்டாகும். 50 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு சூடும் உண்டாகும். மூட்டைக்குள் இவை எங்கே போகும்? ஈரம் பக்கத்து விதையில் ஏறும். சூடு மூச்சை இன்னும் வேகமாக்கும். அதற்குள் பூஞ்சணமும் வண்டும் வந்துவிடும். அவையும் உயிர்தானே, அவையும் மூச்சு விட்டு ஈரமும் சூடும் சேர்க்கும். சொல்லப்போனால், ஈரமான மூட்டையில் விதையைவிடப் பூஞ்சணம் விடும் மூச்சுதான் அதிகம். வட்டிக்கு வட்டி ஏறுகிற கந்துவட்டிக் கடன் மாதிரி இது. ஆரம்பத்தில் தெரியாது, தெரியும்போது கையை மீறியிருக்கும்.

ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். குழுவின் பெயர் வேண்டாம். நெல் அறுவடைக்கு முன் வயலில் தெளிக்கும் தை மாத உளுந்துக்காக, 12 பேர் உள்கடன் எடுத்து, சித்திரையிலேயே 120 கிலோ விதை உளுந்து வாங்கினார்கள். அப்போது விலை குறைவு, யோசனை நல்லதுதான். விதையை இரண்டு புது பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டி, காற்றுப் புகாமல் இறுக்கி மூடி, ஒரு உறுப்பினர் வீட்டுச் சமையல் அறையின் ஓரமாக வைத்தார்கள். விதை சரியாகக் காயவில்லை. அடுப்புச் சூடு வேறு. தை மாதம் திறந்தபோது புளித்த வாடை. சிலர் "வெயில்ல போட்டா சரியாப் போகும்" என்று காயவைத்துத் தெளித்தார்கள். பத்துக்கு இரண்டு மூன்றுதான் முளைத்தது. மறுபடி விதைக்க வயலில் ஈரம் இல்லை. ஒரு பருவம் போயிற்று, கடன் நின்றது.

இதில் வேதனை என்னவென்றால், டிரம்மை வைத்திருந்த அக்காவின் மேல் பழி விழுந்தது. "ராசி இல்லாத வீடு" என்றுகூட ஒருத்தர் சொன்னார். அந்த அக்கா இரண்டு கூட்டத்துக்கு வரவே இல்லை. அவர் செய்த தப்பு எதுவும் இல்லை. டிரம்மில் போட்டதும் தப்பில்லை. நன்றாகக் காய்ந்த விதைக்கு இறுக மூடிய டிரம் போல நல்ல இடம் கிடையாது, மழைக்கால ஈரம் உள்ளே ஏறாது. காயாத விதைக்கு அதே டிரம் சவப்பெட்டி. ஈரம் வெளியே போகவும் வழியில்லை, பிராணவாயு தீர்ந்தபின் விதை மூச்சு முட்டிச் சாகிறது. கூட்டத்தில் இதை விளக்கிச் சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, தவணையை ஒரு பருவம் தள்ளி வைத்தார்கள். அந்த அக்காவை ஊக்குநரே வீட்டுக்குப் போய் அழைத்து வந்தார்.

சரி, எவ்வளவு காய வேண்டும்? அரசு விதைச்சான்று விதிப்படி, சாதாரணச் சாக்கில் வைக்கும் விதைநெல்லில் ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. கேழ்வரகுக்கு 12. உளுந்து, பச்சைப்பயறு, நிலக்கடலைக்கு 9. டிரம் போன்ற ஈரம் புகாத பாத்திரத்தில் வைப்பதானால் இன்னும் காய வேண்டும். நெல்லும் பயறும் 8, நிலக்கடலை 5. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் வழக்கமான வரம்பு 17 சதவீதம். "அங்கேயே எடுத்துக்கிட்டாங்க, நல்லா காஞ்சதுதான்" என்று அதே நெல்லை விதைக்கு எடுத்து வைக்காதீர்கள். அரிசிக்குப் போகும் நெல்லுக்கு அது போதும், விதைக்குப் போதாது.

ஈரப்பதமானி எல்லோரிடமும் இருக்காது. கடித்தால் 'கடக்' என்று உடைய வேண்டும், பல்லில் நசுங்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்த கணக்கு. இன்னொன்று உப்பு. வெயிலில் நன்றாகக் காய்ந்த தூள் உப்பு ஒரு கைப்பிடி, தானியம் ஒரு குவளை, இரண்டையும் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடி, குலுக்கிக் கால் மணி நேரம் வையுங்கள். பாட்டில் சுவரில் உப்பு ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டால் அதற்குக் கீழே. இது சாப்பாட்டுத் தானியத்துக்குச் சரி. விதைக்கு அதன் பிறகும் இரண்டு மூன்று நாள் வெயில் வேண்டும். விதையைத் தார்ச்சாலையில் போடாதீர்கள். காலை 8 முதல் 12 வரையும், 3 மணிக்கு மேலும் காயவையுங்கள். உச்சி வெயிலில் மூடி வையுங்கள். சூடு ஆறிய பிறகுதான் மூட்டை கட்ட வேண்டும்.

அமெரிக்காவில் ஹாரிங்டன் என்ற விதை விஞ்ஞானி எளிமையாக ஒரு கணக்குச் சொன்னார். ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் இரட்டிப்பாகும். வைக்கும் இடத்தின் சூடு 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிப்பாகும். எல்லா விதைக்கும் துல்லியமாகப் பொருந்தாது, ஆனால் வழிகாட்டப் போதும். அடுப்படி, தகரக் கூரைக்குக் கீழே உள்ள பரண் இரண்டும் விதைக்கு ஆகாது. மரப்பலகை மேல், சுவரை ஒட்டாமல், நிழலான அறையில் அடுக்குங்கள். வேப்பிலை, நொச்சி இலை போடுவது நல்ல பழக்கம். ஆனால் நிழலில் காய்ந்த இலையாகப் போடுங்கள். பச்சை இலையைப் போட்டால் அதன் ஈரத்தையும் நாமே உள்ளே போட்டதாகிவிடும்.

தானியக் குழியில் இறங்கும் முன்

சில பழைய வீடுகளில் சோளம், கேழ்வரகு கொட்டி வைக்கும் நிலத்தடிக் குழி உண்டு. ஆள் இறங்குகிற உயரத்தில் பெரிய குதிரும் உண்டு. மூடி வைத்த தானியம் மாதக்கணக்கில் மூச்சு விட்டு, உள்ளே இருந்த பிராணவாயுவைத் தீர்த்து, கரியமில வாயுவை நிரப்பி வைத்திருக்கும். பயறு பாட்டிலில் தீக்குச்சி அணைந்ததே, அதே நிலைமைதான், பெரிய அளவில். கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். கண்ணுக்குத் தெரியாது. இறங்கியவர் சத்தம் போடக்கூட முடியாமல் மயங்கி விழுவார். என்ன ஆச்சோ என்று பின்னாலேயே இறங்கும் மகனும் மருமகளும் விழுவார்கள். இந்த மாதிரி இடங்களில் ஒருவரோடு நிற்காமல் இரண்டு மூன்று உயிர் போவது இப்படித்தான்.

குழியைத் திறந்ததும் யாரும் இறங்கக் கூடாது. நாள் முழுக்கத் திறந்து போட்டு, காற்றாடி வைத்துக் காற்றை உள்ளே செலுத்துங்கள். முடிந்தவரை மேலிருந்தே வாளியால் அள்ளுங்கள். விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். விளக்கு அணைந்தால் கண்டிப்பாக இறங்கக் கூடாது. அணையவில்லை என்பதால் மட்டும் பத்திரம் என்றும் நம்பிவிடக் கூடாது. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், எவ்வளவு மனசு துடித்தாலும் பின்னால் குதிக்காதீர்கள். 112 அல்லது 108-க்கு போன் செய்து, தீயணைப்புக்காரர்கள் வரும்வரை மேலிருந்து காற்று செலுத்திக்கொண்டே இருங்கள். இந்தப் பத்தியைத் தயவுசெய்து வீட்டு ஆண்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

பறித்த பிறகும் உயிர் இருக்கிறது

காய்கறி, கீரை, பூ விற்கும் உறுப்பினர்களுக்குக் கொஞ்சம். பறித்த வெண்டைக்காய்க்குச் செடியிலிருந்து வரவு நின்றுபோகிறது, மூச்சு நிற்பதில்லை. கையிருப்பைத் தின்றுகொண்டே வாடுகிறது. கீரை, வெண்டை, அவரை, மல்லிகை மொட்டு எல்லாம் வேகமாக மூச்சு விடுபவை. வெங்காயம், உருளைக்கிழங்கு மெதுவாக விடுபவை. கீரைக்கு ஒரு நாள் ஆயுள் என்றால் வெங்காயத்துக்கு மாதக்கணக்கு என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சூடு குறைந்தால் மூச்சு குறையும் என்பதால், பறிப்பு விடியற்காலையில் முடிய வேண்டும். பறித்ததை உடனே நிழலுக்குக் கொண்டு போக வேண்டும். கூடையில் ஈரச் சாக்கு விரிக்கலாம். பாலித்தீன் பையில் காற்றை அடைத்துக் கட்டினால் இரண்டு மணி நேரத்தில் உள்ளே வேர்த்து, கொழகொழத்து, வாடை வந்துவிடும். பையில் ஓட்டை போடுங்கள், அல்லது வாழையிலையில் கட்டுங்கள். மல்லிகை மொட்டைக் குவியலாகக் கொட்டாமல் பரப்பி வையுங்கள். குவியலின் நடுவில் கை வைத்துப் பார்த்தாலே சூடு தெரியும்.

குழுவாகச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1980-களில் உருவாக்கிய மின்சாரம் இல்லாத குளிர் அறை. செங்கலால் இரட்டைச் சுவர் தொட்டி, இரண்டு சுவருக்கும் நடுவே நான்கு விரல் அகலத்துக்கு ஆற்று மணல், மேலே வைக்கோல் தட்டி. மணலைக் காலையும் மாலையும் நனைத்தால் போதும். வறண்ட கோடையில் வெளியைவிட 10 முதல் 15 டிகிரி வரை குளிர்ச்சியாக இருக்கும். கடலோரக் கிராமங்களில் காற்றிலேயே ஈரம் அதிகம் என்பதால் அவ்வளவு குளிராது. உள்மாவட்டங்களில் சந்தைக்கு முதல் நாளே பறிக்க வேண்டியவர்களுக்கு நல்ல உதவி.

விதை வைத்திருக்கும் குழுக்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் இதைச் செய்துவிட்டு வாருங்கள். மூட்டையின் மேல், நடு, அடி மூன்று இடத்திலும் கைவிட்டு எடுத்துக் கலந்து, பொறுக்காமல் 100 விதையை எண்ணுங்கள். ஈரச் சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டி, நிழலில் வைத்து, காயாமல் தண்ணீர் தெளியுங்கள். உளுந்து, பயறுக்கு ஒரு வாரம், நிலக்கடலைக்கு 10 நாள், நெல்லுக்கு இரண்டு வாரம் வரை பார்க்கலாம். நெல்லில் 80, உளுந்தில் 75, நிலக்கடலையில் 70 நல்ல முளை வந்திருக்க வேண்டும். வந்த எண்ணிக்கையைத் தீர்மானப் புத்தகத்தில் தேதியோடு எழுதி, விதை யார் வீட்டில், எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதிக் கொண்டுவாருங்கள். எண்ணிக்கை குறைந்திருந்தால், விதைப்புக்கு நாள் இருக்கும்போதே வேறு விதைக்கு ஏற்பாடு செய்துகொள்ளலாம்.